வாராந்த வெளியீட்டைக் கையால் செய்வதை எங்கிருந்து குறைக்கத் தொடங்குவது?

உப்புவெளியான்:

வணக்கம். திருகோணமலையில் நான்கு பேர் கொண்ட சிறிய மென்பொருள் குழுவொன்றில் வேலை செய்கிறேன். நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து விடுதிகளுக்கும், திமிங்கிலம் பார்க்கப் படகு விடுபவர்களுக்குமான முன்பதிவு மென்பொருளை நாங்கள் பராமரிக்கிறோம். பிஎச்பி மொழியில் எழுதப்பட்ட இது, மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துடன் அமேசான் மேகத்தின் மும்பை வலயத்தில் மூன்று சேர்வர்களில் இயங்குகிறது. அவற்றுக்கு முன்னால், வருகைகளை மூன்றுக்கும் பகிரும் ஒரு லோட் பேலன்சர் இருக்கிறது.

ஒவ்வொரு வியாழன் இரவும் புதிய பதிப்பை ஏற்றுவது என் வேலை. செய்ய வேண்டியவை ஒரு சி.ஆர். கொப்பியில் 41 படிகளாக எழுதப்பட்டிருக்கின்றன. எஸ்எஸ்எச் என்ற தொலை நுழைவு வழியாக ஒவ்வொரு சேர்வருக்குள்ளும் நுழைந்து, பழைய அடைவின் (கோப்புறையின்) பெயரை மாற்றி, புதிய கோப்புகளை விரித்து, அமைவுக் கோப்பைக் கையால் திருத்தி, ஒவ்வொன்றும் முடிந்ததும் கொப்பியில் பென்சிலால் சரி போட்டுக்கொண்டு போவேன். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே இரண்டரை மணித்தியாலம் ஆகிவிடும்.

கடந்த மாதம் மூன்றாவது சேர்வரில் 27ஆம் படியைத் தவறவிட்டேன். பருவகால விலைப்பட்டியல் எது என்பதை அமைவுக் கோப்பில் மாற்றும் படி அது. மறுநாள் காலை முழுவதும் ஒரே அறைக்கு, பக்கத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம், ஒரு தடவை புதிய விலையும் இன்னொரு தடவை பழைய விலையும் வந்தன. "தம்பி, ஒரு அறைக்கு இரண்டு விலை காட்டினால் நான் எந்த முகத்தோடு ஆட்களோடு கதைக்கிறது?" என்று விடுதிக்காரர் ஒருவர் தொலைபேசியில் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை.

ஜெங்கின்ஸ், கிட்ஹப் அக்‌ஷன்ஸ், அன்சிபிள், டெராஃபோர்ம் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு தானியக்கக் கருவியைச் சொல்கிறார்கள். முதலில் எதைத் தொடுவது? எங்கள் குழுத் தலைவி கேட்கும் ஒரு கேள்வியும் இருக்கிறது: எல்லாம் தானாக நடக்கும் என்றால், பிழை வரும்போது பொறுப்பு யாருடையது?

கொட்டியாரன்:

தம்பி, கருவிகளின் பெயர்களைச் சில நாட்களுக்கு ஒதுக்கி வையுங்கள். உங்கள் கையில் இருக்கும் மிகப் பெறுமதியான பொருள் அந்தக் கொப்பி. வெளியீட்டைக் கையால் செய்யும் பல குழுக்களில் அந்த அறிவு ஒருவருடைய தலைக்குள் மட்டுமே இருக்கும். உங்களிடம் அது எழுத்தில் இருப்பதால், பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது.

41 படிகளையும் ஒருமுறை வாசித்து, மனிதர் யோசித்து முடிவெடுக்க வேண்டிய படிகளை மட்டும் வட்டமிடுங்கள். என் அனுபவத்தில் அவை மூன்று நான்குக்கு மேல் வருவதில்லை: இன்று வெளியிடலாமா, தரவுத்தள மாற்றம் பாதுகாப்பானதா, ஏற்றிய பின் நிலைமை சரியா. மற்றவை யாவும் பிரதி எடுப்பதும் பெயர் மாற்றுவதும்தான். அவற்றைச் செய்யும்போது மனிதர் களைத்துப்போவார், கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஸ்கிரிப்ட் களைக்காது.

ஒரு சேர்வர் விடுபட்டுப்போவது உங்களுக்கு மட்டும் நேர்ந்த ஒன்றல்ல. நைட் கேபிட்டல் என்ற அமெரிக்கப் பங்குவர்த்தக நிறுவனம் 2012இல் புதிய நிரலை எட்டுச் சேர்வர்களில் ஏற்ற வேண்டியிருந்தது. பொறுப்பாக இருந்த தொழினுட்பவியலாளர் ஏழில் ஏற்றி, ஒன்றைத் தவறவிட்டார். இரண்டாம் ஆள் எவரும் சரிபார்க்கவில்லை. ஆகஸ்ட் 1ஆம் திகதி சந்தை திறந்ததும் அந்த எட்டாவது சேர்வரில் கிடந்த, பல ஆண்டுகளாகப் பயன்படாத பழைய நிரல் விழித்துக்கொண்டு, ஏறத்தாழ 45 நிமிடங்களில் 440 மில்லியன் டொலருக்கு மேல் நட்டத்தை உண்டாக்கிவிட்டது. அதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. பதற்றத்தில் அவர்கள் மற்ற ஏழு சேர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கியபோது, அதே பழைய நிரல் அவற்றிலும் ஓடத் தொடங்கி நிலைமையை மேலும் மோசமாக்கியது.

ஆகவே என் முதல் ஆலோசனை, ஏற்றுவதைத் தானியங்கியாக்கும் முன்பு பழைய பதிப்புக்குத் திரும்புவதைத் தானியங்கியாக்குங்கள் என்பதே. ஒவ்வொரு பதிப்பையும் தனித்தனி அடைவில் வைத்து, 'தற்போதையது' என்ற ஒரு குறியீட்டு இணைப்பை (ஓர் அடைவைச் சுட்டும் குறுக்குவழியை) மட்டும் அவற்றுக்கிடையே மாற்றும் வழக்கம் பிஎச்பி உலகில் நன்கு வேரூன்றியது. அந்த இணைப்பை முந்திய அடைவுக்குத் திருப்பி, பிஎச்பி செயலியை மீளேற்றம் செய்தால் போதும். மீளேற்றம் செய்யாவிட்டால் பிஎச்பியின் நினைவக இடைச்சேமிப்பான ஓபிகேஷ் பழைய பாதையிலுள்ள கோப்புகளையே தொடர்ந்து ஓட்டக்கூடும். திரும்பும் வழி ஒரு நிமிடத்தில் கைகூடுமென்றால், முன்னே போவதற்கான பயம் தானாகக் குறையும்.

உள்துறைமுகம்:

கொட்டியாரன் அண்ணா சொன்னதோடு உடன்படுகிறேன். கருவியைப் பற்றியும் கேட்டிருப்பதால் அதற்குப் பதில் சொல்கிறேன். உங்கள் நிரல் ஏற்கெனவே கிட்ஹப்பில் (நிரலைச் சேமித்துப் பகிரும் தளத்தில்) இருக்குமானால் அக்‌ஷன்ஸையே எடுங்கள். ஜெங்கின்ஸ் நல்ல கருவிதான். ஆனால் அதற்கென ஒரு சேர்வரை நீங்களே வைத்து, அதன் செருகுநிரல்களையும் பாதுகாப்புத் திருத்தங்களையும் நீங்களே கவனிக்க வேண்டும். நான்கு பேருக்கு அது ஐந்தாவது ஆளின் வேலை. அலுவலக மேசைக்குக் கீழே இருக்கும் கணினியில் அதை நிறுவலாம் என்று எவராவது சொன்னால் ஏற்காதீர்கள். வாடைக்காற்றுக் காலத்தில் மின்சாரம் போகும் மாலைகளை நாம் எல்லோரும் அறிவோம், பாதி ஏறிய வெளியீடு ஏறாத வெளியீட்டைவிடக் கெட்டது.

ஏற்ற வேண்டிய கோப்புகளின் பொதியை ஒரே ஒரு தடவை உருவாக்குங்கள். சோதனைச் சூழலில் ஓடியதும் விடுதிக்காரர் பார்ப்பதும் எழுத்துக்கு எழுத்து அதே பொதியாக இருக்க வேண்டும். அதற்குக் கிட்டின் கொமிட் எண்ணையே, அதாவது நிரலின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பதிப்புக் கருவியான கிட் தரும் தனி அடையாளத்தையே, பெயராக வையுங்கள். 'அண்மையது' என்று பெயரிட்டால் எது எந்த நாளுக்குரியது என்று ஒரு மாதத்தில் எவருக்கும் தெரியாமல் போய்விடும். அமைவுக் கோப்பைக் கையால் திருத்துவதை இந்த வாரமே நிறுத்துங்கள். உங்களை வீழ்த்தியது அந்தப் படிதான். விலைப்பட்டியல் போன்ற வணிகத் தெரிவுகள் தரவுத்தளத்தில் இருக்க வேண்டும். கடவுச்சொற்களை, அமைவுகளைச் சேமிக்கும் அமேசான் சேவையான பராமீட்டர் ஸ்டோரில் வைத்து, மூன்று சேர்வர்களும் ஒரே இடத்திலிருந்து வாசிக்கச் செய்யலாம்.

அமேசானின் நிரந்தர நுழைவு விசையைக் கிட்ஹப்பில் சேமித்து வைக்கவும் வேண்டாம். ஓஐடிசி என்ற அடையாள உறுதிப்படுத்தல் முறையில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் குறுகிய நேரமே செல்லுபடியாகும் அனுமதி கிடைக்கும். 2021இலிருந்து கிட்ஹப் இதற்கு இடமளிக்கிறது.

ஏற்றும்போது ஒரு சேர்வரை லோட் பேலன்சரிலிருந்து விலக்கி, ஏற்றி, நலம் பார்க்கும் முகவரி ஒன்றை அழைத்து, அது தரும் பதிலில் கொமிட் எண் சரியாக இருந்தால் மட்டும் மீண்டும் சேர்த்துவிட்டு, அடுத்ததற்குப் போகும்படி எழுதுங்கள். "200" (சரி) என்ற பதில் மட்டும் போதாது. பழைய பதிப்பும் அதே 200ஐத்தான் தரும்.

பொறுப்பைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். உங்கள் குழுத் தலைவி கேட்டது சரியான கேள்வி. பைப்லைனை, அதாவது இந்தப் படிகளை வரிசையாக ஓட்டும் தொடரை, புதிய நிரல் கிட்ஹப்பில் சேர்ந்தவுடன் தானாக ஓடவிடாமல், ஒருவர் பொத்தானை அழுத்தித் தொடக்கும்படி வையுங்கள். யார், எப்போது, எந்தக் கொமிட்டை ஏற்றினார் என்பது பதிவில் நிற்கும். பென்சில் சரி அடையாளத்தில் அந்த விபரங்கள் எதுவும் இல்லை. பொறுப்பு மனிதரிடமே இருக்கும். தட்டச்சு மட்டும் இயந்திரத்துக்குப் போகும்.

நிலாவெளி மணல்:

இருவரும் தரவுத்தளத்தைத் தொட்டும் தொடாமலும் போயிருக்கிறார்கள். நான் சூடுபட்ட இடம் அதுதான் என்பதால் எழுதுகிறேன்.

குறியீட்டு இணைப்பைத் திருப்பினால் நிரல் பழையதாகும், அட்டவணை பழையதாகாது. மைஎஸ்கியூஎல்லில் அட்டவணையின் அமைப்பை மாற்றும் ஒவ்வொரு கட்டளையும் அந்த இடத்திலேயே உறுதியாகிவிடும். ஐந்து மாற்றங்களில் மூன்றாவது தோற்றால் முதல் இரண்டையும் மாற்றங்களைத் திரும்பப்பெறும் ரோல்பேக் கட்டளையால் மீட்க முடியாது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இத்தகைய மாற்றங்களில் பெரும்பாலானவற்றை ஒரே பரிமாற்றத்துக்குள் (முழுவதும் நிறைவேறும் அல்லது எதுவுமே நிறைவேறாத தொகுப்புக்குள்) அடக்கலாம்; உங்களிடம் அந்த வசதி இல்லை.

எனவே மாற்றத்தை இரண்டு வெளியீடுகளாகப் பிரியுங்கள். அட்டவணையின் நெடுக்குவரிசை ஒன்றின் பெயரை மாற்ற வேண்டுமென்றால், முதல் வெளியீட்டில் புதிய நெடுக்குவரிசையைச் சேர்த்து, மென்பொருள் இரண்டிலும் எழுதும்படி செய்து, பழைய தரவைப் பிரதி எடுங்கள். அடுத்த வாரம், எவரும் பழையதை வாசிக்கவோ அதில் எழுதவோ இல்லை என்று உறுதியான பிறகே அதை நீக்குங்கள். இடையில் எந்த நேரத்திலும் முந்திய பதிப்புக்குத் திரும்பலாம், எதுவும் உடையாது. சேர்வர்களை ஒவ்வொன்றாக மாற்றும்போது இரண்டு பதிப்புகளும் சில நிமிடங்கள் ஒரே தரவுத்தளத்தில் ஓடும் என்பதையும் மறக்காதீர்கள். உள்துறைமுகம் சொன்ன முறைக்கு இந்தப் பிரிப்பு கட்டாயம்.

நீக்கும் கட்டளைகளை மட்டும் பைப்லைனில் சேர்க்காமல், இருவர் பக்கத்தில் இருந்து கையால் செய்வதையே நான் இன்றும் விரும்புகிறேன்.

உப்புவெளியான்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு வாரங்கள் கழித்து எழுதுகிறேன்.

கொப்பியில் வட்டமிட்டபோது நான்கு படிகள்தான் மிஞ்சின. விலைப்பட்டியல் தெரிவைத் தரவுத்தளத்துக்கு மாற்றிவிட்டோம், ஆகவே 27ஆம் படி இப்போது இல்லை. திரும்பும் ஸ்கிரிப்டை முதலில் எழுதி, செவ்வாய் காலை வேண்டுமென்றே பழைய பதிப்புக்குப் போய், மீண்டும் புதியதற்கு வந்தோம். பொத்தானைக் குழுத் தலைவியே அழுத்தினார். பதிவில் தன் பெயர் விழுந்ததைப் பார்த்துவிட்டு, "சரி, இது போதும்" என்றார்.

ஆனால் ஒரு புதிய சிக்கல். முன்பு கிரொன் வேலைகளை (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவற்றை) முதலாவது சேர்வரில் மட்டும் கையால் அமைத்திருந்தேன். இப்போது மூன்றும் ஒரே பொதியிலிருந்து அமைவதால், படகுப் பயண நினைவூட்டல் மின்னஞ்சல் ஒவ்வொருவருக்கும் மூன்று தடவை போய்விட்டது. மீண்டும் ஒரு சேர்வரைத் தனியாக வைப்பதா?

நிலாவெளி மணல்:

தனியாக வைக்க வேண்டாம். அந்தச் சேர்வர் விழுந்தால் நினைவூட்டல் எவருக்கும் போகாது, அது நடந்ததும் உங்களுக்குத் தெரியவராது. கிரொன் மூன்றிலும் ஓடட்டும். ஒவ்வொரு முன்பதிவின் வரிசையிலும் 'நினைவூட்டல் அனுப்பிய நேரம்' என்ற ஒன்றைச் சேர்த்து, அது வெறுமையாக இருந்தால் மட்டும் நிரப்பும் ஒரே அப்டேட் கட்டளையை முதலில் ஓட்டுங்கள். எத்தனை வரிசைகள் மாறின என்பதற்கு 1 என்று பதில் வந்த சேர்வர் மின்னஞ்சலை அனுப்பட்டும். 0 வந்தவை பேசாமல் விலகட்டும். அந்தப் புதிய நெடுக்குவரிசையை இந்த வியாழன் தனி வெளியீடாக ஏற்றிவிட்டு, அதைப் பயன்படுத்தும் நிரலை அடுத்த வியாழன் ஏற்றுங்கள். அதுவரை இரண்டு சேர்வர்களில் அந்தக் கிரொன் வரியை நிறுத்தி வையுங்கள்.