ஒட்டுண்ணி மருந்து ஆராய்ச்சி: பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் எழுதியவை

மலேரியா ஆய்வகத்தில் இருந்தவர்:

மலேரியா, யானைக்கால், காலா அசார் (மணல் ஈ கடித்துப் பரவும் ஒட்டுண்ணி நோய்) மாதிரி நோய்களுக்கு மருந்து தேடும் வேலையில் ஏதோ ஒரு ஓரத்தில் நின்றவர்கள் இங்கே இருப்பீர்கள். ஆய்வகமோ, வார்டோ, மாத்திரையை விழுங்கிய இடமோ, எதுவானாலும் சரி, நடந்ததை எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

முனைவர் பட்டத்துக்காக நான் வளர்த்தது பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணி. மனித ரத்தச் சிவப்பணு இல்லாமல் அது பெருகாது. அதை ஆய்வகத்தில் விடாமல் வளர்க்கும் வழி 1976-ல் டிரேகர், ஜென்சன் என்ற இரு ஆய்வாளர்களால்தான் கிடைத்தது. மூடிய ஜாடிக்குள் ஒரு மெழுகுவர்த்தி. அது எரிந்து அணையும்போது ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு கூடியிருக்கும். ஒட்டுண்ணிக்கு அந்தக் காற்றுதான் தோது. எங்களிடம் காஸ் சிலிண்டர் இருந்தது, ஆனால் சிலிண்டர் தீர்ந்துபோன நாட்களில் மெழுகுவர்த்தியே துணை.

இந்த உயிரிக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. 48 மணி நேரத்தில் ஒரு சுற்று முடித்து, சிவப்பணுவை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அதனால் தினமும் ஒரு சொட்டை எடுத்து ஸ்லைடில் இழுத்து, ஜீம்சா சாயம் போட்டுப் பார்த்தாக வேண்டும். இளசாக இருந்தால் மெல்லிய நீல வளையம், ஓரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி. முற்றியதும் நடுவில் பழுப்பும் கறுப்புமாக ஒரு கட்டி தெரியும். ஹீமோகுளோபினைத் தின்றபின் மிஞ்சும் ஹீம் ஒட்டுண்ணிக்கே விஷம், அதைப் படிகமாக்கி ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. அப்படி ஒதுக்க முடியாமல் செய்வதுதான் குளோரோகுயின் என்ற மலேரியா மருந்து செய்யும் வேலை. தின்ற சாப்பாட்டின் மிச்சமே எமனாகிவிடும்.

எங்கள் குழு செய்த ஒரு சேர்மம் மிகக் குறைந்த அளவிலேயே எல்லாவற்றையும் கொன்றது. ஆய்வகமே கொண்டாடியது. எலிக்குக் கொடுத்தோம், ரத்தத்தில் ஒன்றுமே இல்லை. கல்லீரல் வந்த வேகத்தில் உடைத்துத் தள்ளியிருந்தது. கல்லீரல் கடிக்கும் இடத்தில் ஒரு ஃபுளோரின் அணுவை வைத்து அடைத்தார்கள். அப்புறம் அது தண்ணீரில் கரைய மறுத்தது. எங்கள் வழிகாட்டி அடிக்கடி சொல்வார், "ஆய்வகத் தட்டில் இருக்கும் மலேரியாவைக் கொல்ல ப்ளீச்சே போதும்" என்று. அந்தச் சேர்மம் இன்னும் ஃப்ரீசரில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

யானைக்கால் நோய்க் கள ஆய்வில் இருந்தவர்:

எங்களுக்கு வேலையே ராத்திரி பத்து மணிக்கு மேல்தான். யானைக்கால் புழுவின் குஞ்சுகளான மைக்ரோஃபைலேரியா பகலெல்லாம் நுரையீரலின் ரத்தக் குழாய்களில் பதுங்கியிருக்கும். கொசு கடிக்கும் நேரம் பார்த்து விரல் நுனிவரை வரும். நாங்களும் அந்த நேரத்துக்குத்தான் கதவைத் தட்டியாக வேண்டும். தூக்கக் கலக்கத்தில் வந்து நிற்பவரிடம் "ஒரு சொட்டு ரத்தம் வேண்டும்" என்று கேட்டுப் பாருங்கள், என்ன பதில் வருகிறது என்று.

ஒருவர் "எனக்கு என்ன கேடு, கால் வீங்கினவன் வீட்டுக்குப் போங்கள்" என்றார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே விரலில் குத்திவிட்டோம். சாயம் எதுவும் போடாமல் அந்தச் சொட்டை அப்படியே மைக்ராஸ்கோப்பில் வைத்து அவரையே பார்க்கச் சொன்னோம். சிவப்பணுக்களை இடித்துத் தள்ளியபடி நூல்மாதிரி ஒன்று நெளிந்து நெளிந்து போனது. "இது என் உடம்பிலா?" என்றவர், உள்ளே போய் மனைவியையும் தூங்கிய பிள்ளைகளையும் எழுப்பிக் கூட்டிவந்து வரிசையாகக் காட்டினார். எங்களுக்கு அடுத்த வீட்டுக்குப் போக நேரமில்லாமல் போய்விட்டது.

அவருக்கு டி.இ.சி. (டைஎத்தில்கார்பமசின்) என்ற புழு மாத்திரை கொடுத்தோம். 1947-ல் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் விஞ்ஞானி யெல்லப்பிரகட சுப்பாராவ் தலைமையில் வந்த மருந்து, இன்றும் அதை விட்டால் நமக்குக் கதியில்லை. மறுநாள் அவருக்குக் காய்ச்சல், உடம்புவலி. அது சாகிற புழுக்களால் வருவது. யாருக்குப் புழு அதிகமோ அவருக்குத்தான் காய்ச்சலும் அதிகம். ஆக, மருந்து யாருக்கு மிக அவசியமோ அவரே "மாத்திரையைத் தின்றேன், படுத்துவிட்டேன்" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார்! அதற்கப்புறம் அந்தத் தெருவில் யார் வாங்குவார்கள்?

அதனால்தான் ஐவர்மெக்டின், டி.இ.சி., அல்பெண்டசோல் என்ற மூன்று புழு மருந்துகளையும் ஒரே வேளையில் கொடுக்கலாமா என்று பார்த்தபோது, ஐந்து நாடுகளில் 26,000 பேருக்கு மேல் பக்கவிளைவைக் கவனித்தார்கள். வீடு வீடாகப் போய் "காய்ச்சல் வந்ததா, தலைசுற்றலா, எழுந்து நடந்தீர்களா" என்று கேட்கும் வேலை. 2017-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஆற்றுக் குருட்டு நோய் இருக்கும் இடங்களில் மட்டும் டி.இ.சி. கூடவே கூடாது, கண்ணைக் கெடுத்துவிடும்.

மலேரியாக்காரரே, உங்கள் தட்டுக்குக் காய்ச்சல் வராது, அது கதவையும் சாத்தாது. பொறாமையாக இருக்கிறது. ஒன்று கேட்கிறேன், உங்கள் ஒட்டுண்ணிக்குத் தினமும் ரத்தம் எங்கிருந்து?

நோயாளியாக இருந்தவர்:

நான் எந்த ஆய்விலும் இல்லை. இல்லாமல் போனதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது வைவாக்ஸ் என்ற வகை மலேரியா வந்தது. குளோரோகுயினில் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆனால் டாக்டர் அம்மா, "இது திரும்பி வரும், தயாராக இருங்கள்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். வைவாக்ஸ் கிருமி கல்லீரலில் போய்த் தூங்குமாம். எழுப்பாமல் அங்கேயே கொல்வதற்குப் பிரைமாகுயினும் அதன் உறவுக்கார மருந்தும்தான் உண்டு. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அதைக் கொடுத்தால் சிவப்பணுக்கள் உடைந்துவிடும். எனக்குச் சோதித்துப் பார்த்துவிடலாம். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு எப்படிச் சோதிப்பது? அதனால் கர்ப்பிணிக்கு அந்த மருந்து இல்லை.

சொன்னபடியே திரும்பி வந்தது. அதன்பின் வாரம் ஒருமுறை குளோரோகுயின். பிரசவம் ஆன பிறகும் தாய்ப்பால் வழியாகப் போகும் என்பதால், குழந்தையின் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்து, ஜி6பிடி சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எனக்கு 14 நாள் பிரைமாகுயின் மாத்திரை ஆரம்பித்தார்கள்.

2018-ல் அந்த உறவுக்கார மருந்தான டாஃபெனோகுயின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, ஒரே வேளை போதும் என்று படித்ததும் சந்தோஷப்பட்டேன். கீழே வரை படித்தால் அதுவும் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. பிரைமாகுயின் 1950-களில் கொரியப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்குக் கொடுக்கப்பட்ட மருந்து. சிப்பாய்க்கு ஏற்ற மருந்து எழுபது வருஷமாக இருக்கிறது. எனக்கு ஏற்றது எப்போது வரும் என்று இங்கே இருக்கும் ஆய்வாளர்கள் யாராவது சொல்லுங்கள்.

மருந்து வடிவமைப்பில் வேலை பார்ப்பவர்:

அம்மா, உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் விட்டுப்போனவர்களை மறுபடி சேர்த்துக்கொண்ட ஒரு கதை இருக்கிறது.

நன்னீர் நத்தை வழியாகப் பரவும் புழு நோயான சிஸ்டோசோமியாசிஸுக்கு 1970-களில் வந்த பிராசிகுவான்டெல்தான் மருந்து. 600 மில்லிகிராம் மாத்திரை, விரல்கணு நீளம். எடைக்கு ஏற்ப ஒரே வேளையில் இரண்டு மூன்று விழுங்கியாக வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சமாளித்துவிடுவார்கள். மூன்று வயதுக் குழந்தை என்ன செய்யும்? உடைத்து, பொடித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கேதான் வம்பு. நாக்கில் வைத்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கசப்பு தண்ணீர் குடித்தாலும் போகாது, தொண்டையிலேயே நிற்கும். குழந்தை துப்பிவிடும், இல்லாவிட்டால் வாந்தி.

இந்த மூலக்கூறு வலது கை இடது கை மாதிரி இரண்டு வடிவங்களில் இருக்கிறது. மாத்திரையில் இரண்டும் சரிபாதி. புழுவைக் கொல்வது ஒன்று. மற்றது புழுவை ஒன்றும் செய்யாது, கசப்பில் பெரும்பங்கு அதனுடையது. ஆக இத்தனை வருஷமாக மாத்திரையின் பாதி எடை சும்மா வந்த கசப்பு! பிரித்தெடுத்தால் மாத்திரையும் சிறிதாகும், ருசியும் தாங்கும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், மலிவாகப் பிரிப்பதுதான் மலை. வேலை செய்யும் வடிவத்தை மட்டும் வைத்து, தண்ணீரில் கரையும் சின்ன மாத்திரையாக ஆர்பிராசிகுவான்டெல் வந்தது. மூன்று மாதக் குழந்தை முதல் ஆறு வயது வரை கொடுக்கலாம் என்று 2023 டிசம்பரில் ஐரோப்பிய மருந்து முகமை சாதகமாகச் சொன்னது.

எங்கள் துறையில் இதைக் கொஞ்சம் இளப்பமாகப் பேசுவார்கள், "புது மருந்தா இது, ருசி மாற்றியதுதானே" என்று. எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை.

காலா அசார் வார்டில் இருந்த நர்ஸ்:

ருசியை இளப்பமாகப் பேசுபவர்களை ஒரு மாதம் எங்கள் வார்டில் உட்கார வைக்க வேண்டும். அந்தக் காலத்தில் காலா அசாருக்கு ஆம்ஃபோடெரிசின் பி என்ற மருந்தை ஏற்றுவோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மொத்தம் 15 முறை. டிரிப் இறங்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் கட்டில் ஆடும் அளவுக்குக் குளிர் நடுக்கம் வரும், போர்வைமேல் போர்வையாகப் போட்டாலும் நிற்காது. நோயாளி கூலிக்குப் போகிறவர். ஒரு மாதம் அவரும் இல்லை, துணைக்கு வந்தவரும் இல்லை என்றால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? பாதியில் எழுந்து போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

அப்புறம் மில்டெஃபோசின் வந்தது, 2002-ல் இந்தியாவில் அனுமதியான வாய்வழி மருந்து. முதலில் புற்றுநோய்க்காகப் பார்த்தது. 28 நாள். வாந்தி, பேதி. கருவில் குழந்தையைப் பாதிக்கும் என்பதால் பெண்களுக்குக் கருத்தடை கட்டாயம், மருந்து முடிந்த பிறகும் சில மாதங்கள். இதை மாமியார் பக்கத்தில் நிற்கும்போது ஒரு சின்னப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? மாமியாரைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டுத்தான் பேசுவேன். ஒப்புதல் படிவத்தில் இதற்கெல்லாம் இடமில்லை.

பிஹாரில் நடந்த ஆய்வில், கொழுப்பு உறைக்குள் வைத்த ஆம்ஃபோடெரிசினை ஒரே ஒரு முறை, கிலோவுக்கு 10 மில்லிகிராம் ஏற்றிப் பார்த்தார்கள். ஆறு மாதம் கழித்துக் குணமாகியிருந்தவர்கள் 95.7 சதவீதம், பழைய 15 முறை வைத்தியத்தில் 96.3. முடிவு வெளியானது 2010-ல். அந்த மருந்தையும் சூடு படாமல் வைக்க வேண்டும் என்ற தலைவலி உண்டு. இருந்தாலும் காலையில் வந்தவர் மறுநாள் நடந்து வீட்டுக்குப் போவதை முதன்முதலாகப் பார்த்தபோது, நாங்கள் எதையோ விட்டுவிட்டோமோ என்று சார்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்.

கால்நடை மருத்துவர்:

ஐவர்மெக்டினைச் சொந்தம் கொண்டாடுகிறீர்கள், முதலில் அது எங்களுடையது. ஜப்பானில் விஞ்ஞானி ஓமுரா எடுத்த மண்ணிலிருந்து வந்த நுண்ணுயிர். அதை அமெரிக்காவில் மெர்க் நிறுவனத்தின் கேம்ப்பெல் குழு கால்நடை மருந்தாக்க, 1981-ல் சந்தைக்கு வந்தது. மனிதர்களுக்கு 1987-ல்தான். இருவருக்கும் 2015-ல் நோபல். கோலி வகை நாய்களுக்கு மட்டும் கவனம், சில நாய்களில் மருந்து மூளைக்குள் போய்விடும்.

மலேரியா ஆய்வகத்தில் இருந்தவர்:

ரத்தம் கேட்டவருக்கு: ரத்த வங்கியிலிருந்து, பெரும்பாலும் ஓ வகை. வெள்ளையணுக்களை நீக்கிக் கழுவித்தான் பயன்படுத்துவோம். கொடுத்தவர் அண்மையில் மலேரியா மாத்திரையோ சில ஆன்டிபயாட்டிக்குகளோ எடுத்திருந்தால் கல்ச்சர் சோர்ந்துவிடும். அதனால் புதுப் பை வந்ததும் பழைய ரத்தத்தை உடனே கொட்டிவிட மாட்டோம். இரண்டிலும் கொஞ்ச நாள் இணையாக வளர்த்துப் பார்த்துவிட்டுத்தான் மாறுவோம்.