வெயிலில் டிராயிங் படிக்க பைஃபோக்கல் கூலிங் கிளாஸ், எப்படிப் பார்த்து வாங்குவது?

சைட்_மதுரை:
மதுரையில் கட்டட வேலை மேற்பார்வை, வயது 49. பத்து மணிக்கு மேல் மொட்டை மாடியில் டிராயிங்கை விரித்தால் வெள்ளைத் தாள் அப்படியே கண்ணில் அடிக்கிறது. கூலிங் கிளாஸ் போட்டால் அளவு தெரியாது, ரீடிங் கிளாஸ் போட்டால் கூச்சம் தாங்காது, மாற்றி மாற்றிப் போட்டே பொழுது போகிறது. கீழ்ப்பாதியில் படிக்கிற பவர் வைத்த ரெடிமேட் பைஃபோக்கல் கூலிங் கிளாஸ் ஆன்லைனில் பார்த்தேன், வாங்கலாமா? என் பவர்: தூரத்துக்கு வலது சுத்தம், இடது மைனஸ் 0.75, படிக்க இரண்டுக்கும் கூடுதலாக 1.75. இன்னொரு தொல்லை, எந்த ஃபிரேமும் வியர்வையில் வழுக்கிவிடுகிறது, ஹெல்மெட் போட்டால் காதுக்கு மேலே வலி.

கடைக்காரன்:
ரெடிமேட் உங்களுக்குச் சரிவராது சார். அதில் இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர்தான், மேல்பாதி வெறும் கண்ணாடி, உங்கள் இடது கண்ணின் 0.75 அதில் வரவே வராது. தூரப் பார்வை சுத்தமாக இருந்து, படிக்க மட்டும் பவர் வேண்டியவர் எப்போதாவது போட்டுக்கொள்ளலாம். நீங்கள் நாள் முழுக்கப் போடுகிற ஆள், பவர் போட்டே செய்யுங்கள்.

வழுக்குவதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள், பைஃபோக்கலில் அதுதான் பெரிய விஷயம். சாதாரணக் கண்ணாடி கொஞ்சம் இறங்கினால் தள்ளிவிட்டுக்கொள்வோம், அவ்வளவுதான். இதில் ஃபிரேமோடு சேர்ந்து படிக்கிற பகுதியும் இறங்கிவிடும், அதைத் தேடி நீங்கள் தாடையைத் தூக்கிக்கொண்டே படிப்பீர்கள், சாயங்காலம் கழுத்து வலி என்று வந்து நிற்பீர்கள். அதனால் மூக்கோடு வார்த்த பிளாஸ்டிக் ஃபிரேம் வேண்டாம், கம்பியில் சிலிக்கான் நோஸ் பேட் வைத்தது எடுங்கள், உங்கள் மூக்குக்குத் தக்கபடி விரித்தோ நெருக்கியோ தரலாம். காதுப் பக்கக் கை மெல்லியதாக, தட்டையாக இருந்தால் ஹெல்மெட் பட்டை அழுத்தாது, நுனியைச் சூடு காட்டி வளைத்துத் தருவார்கள். உள்பக்கம் 54-16-140 என்பதுபோல எழுதியிருக்கும்: லென்ஸ் அகலம், மூக்கு இடைவெளி, கை நீளம், எல்லாம் மில்லிமீட்டர். இப்போது ஓரளவு சரியாக உட்காருகிற கண்ணாடி இருந்தால் அதில் உள்ள எண்ணைப் பார்த்துக்கொண்டு கடைக்குப் போங்கள். லென்ஸ் மேலிருந்து கீழே 30 மில்லிமீட்டராவது இருக்கட்டும், குறைந்தால் இரண்டு பவருக்கும் இடம் பத்தாது. முகத்தைச் சுற்றி வளைகிற ஸ்போர்ட்ஸ் மாடலில் பவர் போட்டால் ஓரம் நெளியும்.

பழைய_மேஸ்திரி:
தம்பி, நான் வெள்ளைக் கண்ணாடியில் பைஃபோக்கல் போட்டுத்தான் சாரத்தில் ஏறுகிறேன். ஏணியில் இறங்கும்போது கால் வைக்கிற இடம் கீழ்ப் பவர் வழியாக மங்கலாகத்தான் தெரியும், தலையைக் குனிந்து மேல்பாதி வழியாகப் பார்த்து இறங்கப் பழகு. மேல் பவரும் கீழ்ப் பவரும் பிரிகிற கோட்டைக் கொஞ்சம் தாழ்த்தி வைக்கச் சொல். அப்புறம் பாலிகார்பனேட் லென்ஸ் கேள், சிமெண்ட் சில் தெறிக்கிற இடத்தில் கண்ணாடி லென்ஸ் போட்டு நிற்காதே.

சைட்_மதுரை:
நன்றி அண்ணே. கோட்டைத் தாழ்த்தினால் படிக்கச் சிரமம் வராதா? போலரைஸ்டு நல்லது என்கிறார்களே, அதுவும் வேண்டுமா?

கடைக்காரன்:
வழக்கமாகக் கோடு கீழ் இமை விளிம்பில் வரும். அண்ணன் சொன்னது சரி, ஏறி இறங்குபவருக்கு ஓரிரு மில்லிமீட்டர் தாழ்த்தலாம், படிக்கும்போது கண்ணைக் கொஞ்சம் கூடுதலாக இறக்கினால் போதும். ஆனால் ஃபிரேமை முதலில் முகத்தில் சரியாக உட்காரவைத்து, நீங்கள் நேராகப் பார்க்கும்போது லென்ஸில் பேனாவால் குறிக்க வேண்டும். குறிக்காமல் ஆர்டர் எழுதுகிற கடையில் கொடுக்காதீர்கள்.

போலரைஸ்டு என்றால் தரையில் பட்டுத் திரும்புகிற ஒளியை வடிகட்டுகிற லென்ஸ், தரைக் கூச்சத்தை நன்றாகக் குறைக்கும். சிக்கல் என்னவென்றால், போன், டோட்டல் ஸ்டேஷன் (சர்வே அளவெடுக்கும் கருவி) மாதிரித் திரைகள் சில கோணத்தில் கறுத்துப்போகும். தினமும் திரை பார்ப்பவர் என்றால் சாதாரண டின்ட் போதும், சாம்பல் நிறத்தில் கேளுங்கள், டிராயிங்கில் உள்ள கலர் கோடுகள் மாறித் தெரியாது. ரொம்பக் கறுப்பும் வேண்டாம், மாடிக்கடியில் நிழலில் வந்து படிக்க வேண்டாமா? யூவி 400, அதாவது புற ஊதாக் கதிர்த் தடுப்பு, கட்டாயம், டின்டின் கறுப்பை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது, மெஷினில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

சைட்_மதுரை:
சரி சார், ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறேன், போட்டே பார்த்துவிடுகிறேன்.