புதுப்பிப்பு: மொறுமொறுப்பு நிலைக்காத கொண்டைக்கடலை

நீரிழிவு உள்ள அம்மாவுக்காகக் கொண்டைக்கடலையை எண்ணெயில் பொரிக்காமல் ஓவனில் வறுத்தேன் என்றும், காலையில் மொறுமொறுவென்று இருந்தது மாலைக்குள் தோல்போல் ஆகிவிட்டது என்றும் சென்ற மாதம் இங்கே எழுதியிருந்தேன். ஊறிய கடலையை நன்றாக உலர்த்தும்படி பலரும் சொன்னீர்கள், மனமார்ந்த நன்றி.

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில் பெய்யும் பிற்பகல் மழையும் ஈரக்காற்றும்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். ஆனால் ஈரம் கடலைக்குள்ளேயே இருந்திருக்கிறது. இம்முறை இரவு முழுவதும் ஊறவைத்து, அரைவேக்காடாக அவித்து, பருத்தித் துணியில் பரப்பி மின்விசிறியின் கீழ் இரண்டு மணி நேரம் உலர்த்திய பிறகே 200 பாகை செல்சியசில் 40 நிமிடம் வறுத்தேன். ஓவனை அணைத்த பின் கதவைச் சற்றே திறந்துவைத்து உள்ளேயே ஆறவிட்டதுதான் பெரிய மாற்றத்தைத் தந்தது. சூட்டோடு டப்பாவில் அடைத்தால், வெளிவரும் நீராவி மூடியில் படிந்து மீண்டும் கடலையிலேயே இறங்கிவிடுகிறது. மிளகாய்த்தூளை முன்பே தூவினால் கருகிக் கசக்கிறது. இறக்கிய பின் ஒரு தேக்கரண்டி எண்ணெயோடு பிரட்டினேன்.

உலர்ந்த கொண்டைக்கடலையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. மாவுச்சத்து அதைவிட மிகுதி என்பதால் அம்மாவுக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் கொடுப்பதில்லை. ஈப்போ நகரின் புந்தோங் பகுதியில் கிடைக்கும் கச்சாங் பூத்தே என்னும் கடலை நொறுக்குத்தீனியை விரும்பி உண்டவர் அவர். ஐந்தாம் நாள் டப்பாவைத் திறந்து கடித்தவர், "அந்தச் சத்தம் வருகிறது" என்றார்.