ஊர்க் கல்லில் 'உயிர் துறந்தவர் 2' என்று மட்டும் இருக்கிறது, பெயரைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

பட்டாளத்தார்வீடு:
எங்கள் ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். பழைய சாவடிச் சுவரில் ஒரு பளிங்குப் பலகை பதித்திருக்கிறது. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவர்கள் அதன்மேலும் ஒரு இழுப்பு இழுத்துவிடுவார்கள். போன மாதம் ஈரத்துணியால் துடைத்துப் படித்தேன். ஆங்கிலத்தில் அவ்வளவுதான்: 1914-1919 பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து போனவர்கள் 14, அதில் உயிர் துறந்தவர்கள் 2.

அந்த இரண்டில் ஒருவர் என் கொள்ளுத்தாத்தாவின் தம்பி. கல்யாணமாகாதவர். வீட்டில் 'பசராக்காரர்' என்றுதான் பேச்சு. செத்த திதி தெரியாததால் மகாளய அமாவாசையில் அவருக்கும் சேர்த்துப் படையல். பெயரைக் கேட்டால் 81 வயது அத்தை, "ஏதோ சாமின்னு முடியும்டா" என்கிறார். பெரியவர் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று இருந்து இருந்தே பெயரைத் தொலைத்துவிட்டோம். கல்லறையாவது எங்காவது இருக்குமா?

பழையதஸ்தாவேஜு:
பசரா என்பது பாஸ்ரா, இன்றைய ஈராக். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். சில பதிவுகளில் அப்பா பெயர், ஊர், தாலுகா, ஜில்லாகூட இருக்கும். கிருஷ்ணகிரி அன்றைக்குச் சேலம் ஜில்லா, அதனால் சேலம் என்றும் போட்டுப் பாருங்கள். எழுத்துதான் பெரிய தலைவலி. 'சாமி'யை வெள்ளைக்கார குமாஸ்தா எஸ்-ஏ-டபிள்யூ-எம்-ஒய் என்று எழுதியிருப்பான், இன்னொருத்தன் எஸ்-ஏ-எம்-ஐ. துப்பாக்கி பிடித்தவர்கள் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள், சுமைதூக்கி, சமையல்காரர், கோவேறு கழுதை ஓட்டியவர் எல்லாரும் அந்தப் பட்டியலில் உண்டு. 1921 ஆகஸ்ட் 31 வரை இறந்தவர்களைச் சேர்த்திருக்கிறார்கள்.

கல்லறையை ரொம்ப எதிர்பார்க்காதீர்கள். பாஸ்ரா நினைவுச்சின்னம் 40,000 பேருக்கு மேல் எழுப்பியது. அதில் வெள்ளைக்காரர்களுக்குப் பெயர் வெட்டினார்கள், நம் ஆட்களில் அதிகாரிகளுக்கு மட்டும். சாதாரண சிப்பாய்க்கு உங்கள் சாவடிக் கல் மாதிரி வெறும் எண்ணிக்கைதான். 2021இல் ஆணையமே இப்படிப்பட்ட பாரபட்சங்களை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. என்ன பிரயோஜனம் என்று கேட்காதீர்கள், எனக்கும் அதே எரிச்சல்தான்.

ஏரிக்கரை:
முதலில் அந்தக் கல்லைப் போட்டோ எடுத்து வையுங்கள். எங்கள் ஊர்க் கல்லைக் கட்டடம் இடித்தபோது குப்புறப் போட்டுத் துணி துவைக்கிறார்கள்.

செம்புக்காசு:
வீட்டில் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய வெண்கல வட்டு ஏதாவது இருக்கிறதா? போருக்குப் பின் இறந்தவர் குடும்பத்துக்கு ஆளுக்கு ஒன்று அனுப்பினார்கள். 12 செ.மீ. விட்டம். சூலம் பிடித்து நிற்கும் பெண், முன்னால் சிங்கம். ஓரமாக ஒரு கட்டத்துக்குள் இறந்தவர் பெயர் மட்டும் புடைத்திருக்கும், பதவி போட மாட்டார்கள். பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டது போக மீதி இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

பட்டாளத்தார்வீடு:
செம்புக்காசு, படித்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. சூலம், சிங்கம்! அது எங்கள் வீட்டு துர்க்கை சார். பூஜை மாடத்தில் இருக்கிறது. எனக்கு நினைவு தெரிந்த நாளாக அத்தை வெள்ளிக்கிழமைதோறும் அதற்குக் குங்குமம் வைக்கிறார். கட்டம் இருக்கிற இடம் முழுக்கக் குங்குமமும் எண்ணெய்ப் பிசுக்கும் அடை கட்டியிருக்கிறது.

செம்புக்காசு:
புளி, பீதாம்பரிப் பொடி எதுவும் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்! வெதுவெதுப்பான தண்ணீர், துளி சோப்பு, பருத்தித் துணி. அவசரம் வேண்டாம்.

பட்டாளத்தார்வீடு:
நேற்று ஞாயிறு, ஊருக்குப் போனேன். "அம்மன் முகத்தைக் கழுவுறதுக்கு நீ யாருடா" என்று அத்தை அரைமணி நேரம் சண்டை. பிறகு தானே துணியை வாங்கித் துடைத்தார். கட்டத்துக்குள் முதலில் தெரிந்தது கடைசி எழுத்துகள்தான்: எஸ், ஏ, டபிள்யூ, எம், ஒய். பழையதஸ்தாவேஜு சொன்ன அதே எழுத்து. முழுப் பெயரையும் படித்துச் சொன்னேன். அத்தை அதை இரண்டு தரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

இணையதளத்தில் அந்தப் பெயருக்கு 6 பேர் வருகிறார்கள். ஒருவருக்குத்தான் சேலம் என்று இருக்கிறது, ஊர்ப் பெயர் ஒரு எழுத்து உதைக்கிறது. சரிபார்க்க ஆணையத்துக்கு எழுதியிருக்கிறேன். வட்டு மாடத்திலேயே இருக்கிறது. அத்தை இனிமேல் பெயர்க் கட்டத்தை விட்டுவிட்டுச் சிங்கத்துக்கு மட்டும் பொட்டு வைப்பாராம்.