பகல் வெப்பநிலை உயர்கிறது, பனி உருகவில்லை: அடுத்த வாரம் எதைக் கவனிக்க வேண்டும்?

வடகிளை:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதியில் குளிர்காலம் முடியும் தறுவாயில் இருக்கிறது. தரையில் இன்னும் ஏறத்தாழ 40 செ.மீ. பனி கிடக்கிறது. சில நாட்களாகப் பகலில் 4 டிகிரி செல்சியஸ் வரை வெப்பநிலை உயர்ந்தும், இரவில் −6 வரை இறங்கிவிடுகிறது. பனி சற்றே அமுங்கியிருக்கிறதே தவிர, ஓடைகளில் நீர் வரத்துக் கூடவில்லை. வரும் வாரத்துக்கான முன்னறிவிப்போ பகலில் 9 டிகிரி, இரவில் 2 டிகிரி, தெற்கிலிருந்து பலத்த ஈரக்காற்று, வார இறுதியில் 20 மி.மீ. மழை என்று கூறுகிறது. எங்கள் வீடு ஆற்றுக்கு அருகில் தாழ்வான இடத்தில் இருக்கிறது, நிலவறையும் உண்டு. இதுவரை பனி உருகாமல் இருந்ததற்குக் காரணம் என்ன, வரும் வாரத்தில் நாங்கள் அஞ்ச வேண்டியது எதை என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

கார்முகில்:
வணக்கம். பகலின் உச்ச வெப்பநிலையை மட்டும் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. பூச்சிய டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பனியை அதே பூச்சிய டிகிரி நீராக மாற்றவே 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே அளவு வெப்பத்தைக் கொண்டு ஒரு கிலோ குளிர்நீரை 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். புதிதாக விழுந்த வெண்பனி தன் மேல் படும் சூரிய ஒளியில் 80 முதல் 90 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடுவதால், தெளிந்த வெயில் அடித்தும் பனிக்குக் கிடைக்கும் வெப்பம் மிகச் சிறிதே. நண்பகலில் மேற்பரப்பில் உருகும் கொஞ்ச நீரும் ஓடைக்கு வந்து சேர்வதில்லை. கீழே உள்ள குளிர்ந்த அடுக்குகளுக்குள் இறங்கி அங்கேயே மீண்டும் உறைகிறது, அல்லது பனித்துகள்களுக்கு இடையே தங்கிவிடுகிறது. இரவு −6 வரை இறங்கும்போது மேற்பரப்பும் இறுகிவிடுவதால், மறுநாள் வெயில் முதலில் அந்த இழப்பை ஈடுசெய்த பிறகே உருகல் தொடங்கும்.

ஆனாலும் இந்த நாட்கள் வீணாகிவிடவில்லை. பனித்திரள் முழுவதும் மேலிருந்து கீழ்வரை பூச்சிய டிகிரியை எட்டி, தாங்கக்கூடிய அளவு நீரையும் உறிஞ்சிக்கொண்ட பிறகு, அதற்கு மேல் உருகும் ஒவ்வொரு துளியும் தரைக்கு வந்து சேரும். அதே வேளையில் பழைய பனி மணிமணியாகி அழுக்கும் படிவதால், ஒளியைத் திருப்பி அனுப்பும் அளவு ஏறத்தாழ 50 விழுக்காடு வரை குறைகிறது. முன்பு உள்வாங்கியதைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் இப்போது உள்வாங்கும். உங்கள் முன்னறிவிப்பில் என்னைக் கவலைகொள்ள வைப்பது 9 டிகிரி அல்ல, இரவின் 2 டிகிரியே. இரவிலும் உறையாத நாட்கள் அடுத்தடுத்து வந்தால் உருகலுக்கு இடைவேளையே இருக்காது. முன்னறிவிப்பில் பனிப்புள்ளி, அதாவது காற்றிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஆற்றோரம்:
பனியின் உயரத்தை வைத்து எதையும் கணிக்க முடியாது. அதற்குள் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதே முக்கியம். புதுப்பனி 10 செ.மீ. உருகினால் ஏறத்தாழ 1 செ.மீ. நீர்தான் கிடைக்கும், பலமுறை அமுங்கி இறுகிய பனியிலோ அதே 10 செ.மீ.க்கு 3 அல்லது 4 செ.மீ. நீர் இருக்கும். நேரான பக்கங்களையுடைய நீண்ட உருளைக் கலனைத் தலைகீழாகத் தரைவரை பனிக்குள் செலுத்தி, உள்ளே நிற்கும் பனியைச் சிந்தாமல் எடுத்து வந்து வீட்டுக்குள் உருகவிடுங்கள். கலனில் நிற்கும் நீரின் உயரமே உங்கள் தரையின் மேல் காத்திருக்கும் நீரின் உயரம். காற்று பனியை ஒதுக்காத இடங்களாகப் பார்த்து, இரண்டு மூன்று இடங்களில் எடுத்தால் நல்லது.

அடியில் உள்ள மண் ஈரத்தோடு உறைந்திருந்தால் அது நீரைக் குடிக்காது. வரும் நீரில் பெரும்பகுதி அப்படியே ஆற்றுக்குப் போகும். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் 2019 மார்ச் மாதம் ஏற்பட்ட பெருவெள்ளத்துக்கு, உறைந்த நிலத்தில் கிடந்த பனியின் மேல் பெய்த மழை முக்கியக் காரணம். உங்கள் ஆறு வடக்கு நோக்கி ஓடுகிறதா என்பதையும் கவனியுங்கள். அப்படியானால் தெற்கில் உள்ள மேல்பகுதி முதலில் உருகும். நீர் வந்து சேரும் இடத்தில் ஆறு இன்னும் உறைந்தே இருக்கும். அமெரிக்காவில் வடக்கு நோக்கி ஓடும் ரெட் ஆற்றில் இந்த இடர் எப்போதும் உண்டு. கடும் பனிப்புயல்கள் நிறைந்த குளிர்காலத்துக்குப் பின் 1997 ஏப்ரலில் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரமே அந்த ஆற்றின் வெள்ளத்தில் மூழ்கியது. உடைந்த பனிப்பாளங்கள் பாலத்தடியிலோ வளைவிலோ சிக்கி அணைபோல் நின்றுவிட்டால், நீர்மட்டம் சில மணி நேரத்தில் ஏறிவிடும். அதற்குப் பெருமழை தேவையில்லை.

வடகிளை:
இருவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்னவாறு மூன்று இடங்களில் எடுத்துப் பார்த்தேன். சராசரியாக 11 செ.மீ. நீர் நின்றது. பனிப்புள்ளி அடுத்த வாரம் முழுவதும் பகலில் 4 முதல் 5 டிகிரி, இரவில் ஏறத்தாழ 2 டிகிரி என்று காட்டுகிறது. எங்கள் ஆறு கிழக்கு நோக்கி ஓடுகிறது. மழைநீர் பனியைக் கரைத்துவிடும் என்று அக்கம்பக்கத்தார் அஞ்சுகிறார்கள். அப்படியென்றால் மழை வரும் நாள் வரை நமக்கு அவகாசம் இருக்கிறதா?

கார்முகில்:
இல்லை, அவ்வளவு அவகாசம் இருக்காது. 6 டிகிரியில் பெய்யும் 20 மி.மீ. மழை தன் வெப்பத்தால் உருக்கக்கூடியது 2 மி.மீ.க்கும் குறைவான நீரையே. உண்மையில் பனியைக் கரைப்பது ஈரக்காற்றுதான். பனிப்புள்ளி பூச்சியத்துக்கு மேல் இருக்கும்போது காற்றிலுள்ள நீராவி பனியின் மேல் படிந்து நீராகிறது. அப்போது ஒரு கிராம் நீராவி வெளியிடும் வெப்பம் ஏழு கிராமுக்கு மேல் பனியை உருக்கப் போதுமானது. காற்று பலமாக வீசினால் புதிய ஈரமும் புதிய வெப்பமும் இடைவிடாமல் வந்துகொண்டே இருக்கும். மாறாக, வறண்ட காற்றில் பனி ஆவியாகித் தன் வெப்பத்தை இழப்பதால், அதே 9 டிகிரியிலும் உருகல் மந்தமாகவே நடக்கும்.

தோராயமாகக் கணக்கிட, நாளின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கு மேல் எத்தனை டிகிரி இருக்கிறதோ, அந்த ஒவ்வொரு டிகிரிக்கும் 2 முதல் 6 மி.மீ. நீர் உருகும் என்று கொள்வார்கள். உங்கள் சராசரி 5.5 டிகிரி, ஆகவே நாளொன்றுக்கு 11 முதல் 33 மி.மீ. ஈரமும் காற்றும் சேர்ந்திருப்பதால் மேல் எல்லையையே எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது. அப்படிப் பார்த்தால் 110 மி.மீ. நீரில் பெரும்பகுதி நான்கு நாட்களிலேயே இறங்கிவிடக்கூடும்; ஆறு ஏற்கெனவே நிரம்பியிருக்கும் நேரத்தில்தான் மழை வந்து சேரும்.

மேட்டுநிலம்:
கணக்கைப் பார்த்த பிறகு வேலைகளை இன்றே தொடங்குங்கள். நிலவறைச் சன்னலையொட்டிய பள்ளங்களிலும் சுவரோரத்திலும் கிடக்கும் பனியை வீட்டைவிட்டு இரண்டு மீட்டராவது தள்ளிப் போடுங்கள். சரிவு வீட்டை நோக்கி இருக்கக்கூடாது. கூரைநீர்க் குழாயின் வாயும் தெருவோர வடிகாலின் மூடியும் பனிக்கட்டியால் அடைபட்டிருந்தால் திறந்துவிடுங்கள். நீரிறைக்கும் பம்பு இருந்தால் ஒரு வாளி நீரை ஊற்றி ஓட்டிப் பாருங்கள். அதன் வெளிக்குழாய் உறைந்திருந்தால் பம்பு ஓடியும் பயனில்லை. நிலவறையில் நீர் புகுந்துவிட்டால் மின்சாரம் துண்டிக்கப்பட்டதை உறுதிசெய்யாமல் யாரும் அதில் இறங்கக்கூடாது. ஆற்றின் மேல் உள்ள பனிக்கட்டி கனமாகத் தெரிந்தாலும் உள்ளே பலமிழந்திருக்கும், குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். உள்ளூர் வெள்ள எச்சரிக்கையைக் காலையும் மாலையும் பாருங்கள். இடத்தை விட்டு வெளியேறச் சொன்னால் இரவாக இருந்தாலும் உடனே புறப்பட்டுவிடுங்கள்.