குறையிமைப்பு: கண் உலர்வைப் பேச ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

மேலிமை கீழிமையைத் தொடாமல் வழியிலேயே திரும்பிவிடும் இமைப்புக்கு இந்தக் கலைச்சொல் உரையாடல் இழையில் ‘முழுமையற்ற கண் சிமிட்டல்’, ‘அரை இமைப்பு’ என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. சிமிட்டுவது ஒருவரைப் பார்த்து வேண்டுமென்றே செய்வது. தன்னையறியாமல் நிகழ்வதற்கு ‘இமைத்தல்’ என்ற வினை இருக்கிறது. எழுத்தொலியின் கால அளவான மாத்திரைக்கு அளவு சொன்ன தொல்காப்பியமே கண்ணிமையைத்தான் எடுத்துக்கொண்டது. ‘அரை’ என்றாலோ அளவைக் கட்டிவிடுகிறோம். முக்கால் பங்கு இறங்கி நின்றுவிடும் இமையும் உண்டே!

என் பரிந்துரை ‘குறையிமைப்பு’. ‘குறை’ என்றதும் ஊனம் என்று நோயாளி அஞ்சுவாரோ என்ற ஐயம் வேண்டாம். குறைப்பிரசவம் என்பதை எல்லோரும் சரியாகவே புரிந்துகொள்கிறார்கள்.

இதற்குத் தனிச்சொல் கட்டாயம் வேண்டும். நிமிடத்துக்கு 15 முதல் 20 முறை இமைப்பவர் கணினித் திரைமுன் அதில் பாதிகூட இமைப்பதில்லை என்பதோடு நம் உடல்நலக் கட்டுரைகள் நின்றுவிடுகின்றன. எத்தனை முறை என்பது பாதிக் கதைதான். இமை விளிம்புகளில் இருக்கும் மெய்போமியன் சுரப்பிகள், இரு இமைகளும் சேர்ந்து அழுந்தும்போது எண்ணெயைக் கசியவிடுகின்றன. மேலேறும் இமை அதைக் கண்ணீரின் மேல் இழுத்துப் பரப்புகிறது. கண்ணீர் விரைவில் ஆவியாகாமல் காப்பது அந்த மெல்லிய எண்ணெய்தான். இமைகள் தொடாவிட்டால் எண்ணெய் சரியாக வெளிவராது. கருவிழியின் கீழ்ப்பகுதியும் மூடப்படாமலே கிடக்கும்.

ஃபுளோரசின் சாயத்தைக் கண்ணில் இட்டு நீல ஒளியில் பார்த்தவர்களுக்கு இது தெரியும். இமைத்ததும் கண்பரப்பு முழுதும் பச்சையாக ஒளிரும். பிறகு கண்ணீர் கலைந்த இடத்தில் கருந்திட்டு விழுந்து விரியும். குறையிமைப்பு உள்ளவர்களிடம் பெரும்பாலும் கீழ்ப்பகுதியில். பத்து விநாடிக்குள் அது தோன்றினால் கண்ணீர்ப் படலம் நிலையாக இல்லை என்று கொள்வது வழக்கம்.

‘படலம்’ கண்புரையையும் நினைவூட்டுகிறது என்ற மறுப்பு நியாயமானதுதான். ஆனால் ‘கண்ணீர்ப் படலம்’ புழக்கத்துக்கு வந்துவிட்டது, அதை அப்படியே வைத்துக்கொள்வோம்.

எதிர்ச்சொல்லாக ‘நிறையிமைப்பு’ வைக்கலாம். நோயாளிக்கான துண்டறிக்கையில் இப்படி எழுதிப் பார்த்தேன்: “திரையைப் பார்க்கும்போது குறையிமைப்பு மிகும். அவ்வப்போது நிறுத்தி, இரு இமைகளும் தொட்டு மூடும்படி மெதுவாக இமையுங்கள்.” எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.