ஸ்ட்ராப்பா, ஸ்டெப் ஆனா, ரியர் என்ட்ரியா?

குளிர்விரல்:
ஸ்னோபோர்டு ஓட்ட ஆரம்பித்து இது மூன்றாவது சீசன், இன்னும் ஸ்ட்ராப் பைண்டிங்தான் (பூட்ஸைப் பட்டையால் இறுக்கிப் பலகையோடு பிடித்து வைக்கும் பிடி). மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டை விட்டு இறங்கியதும் நான் பனியில் உட்கார்ந்து கையுறையோடு பட்டையை இறுக்கும் ராட்செட்டைத் தடவிக்கொண்டிருப்பேன், ஸ்கீயில் வந்த நண்பர்கள் குச்சியை ஊன்றிக்கொண்டு எனக்காக நிற்பார்கள். பேன்ட் நனைவது தனிக்கதை. பர்டன் கம்பெனியின், மிதித்தாலே மாட்டிக்கொள்கிற ஸ்டெப் ஆன் வாங்கலாமா, இல்லை ஃப்ளோ மாதிரி பின்னால் திறக்கிற ரியர் என்ட்ரியா?

பழைய_பலகை:
முதலில், உங்கள் பூட்ஸ் காலைக் கச்சிதமாகப் பிடிக்கிறதா? ஸ்டெப் ஆன் என்றால் பைண்டிங் மட்டும் வாங்கினால் ஆகாது, அதற்கென்றே செய்த பூட்ஸும் வேண்டும். கட்டைவிரல் பக்கம், சுண்டுவிரல் பக்கம், குதிகால் என்று மூன்று இடத்தில் பூட்ஸே போய் மாட்டிக்கொள்ளும். மேலே அழுத்த ஸ்ட்ராப் கிடையாது, அதனால் பூட்ஸ் தளர்ந்தால் குதிகால் உள்ளேயே எழும்பும், கால் திரும்பிய பிறகுதான் பலகை திரும்பும். அப்புறம் உங்கள் பலகையில் திருகு ஓட்டைகளா, நடுவில் நீளமான சேனலா என்று பாருங்கள். பர்டனின் இஎஸ்டி வகை பைண்டிங் சேனல் உள்ள பலகையில் மட்டும்தான் உட்காரும்.

டக்_டக்:
நான் ஸ்டெப் ஆன் கட்சி. குதிகாலை மிதித்தால் ஒரு ‘டக்’, அழுத்தினால் இன்னொரு ‘டக்’. இரண்டாவது கேட்காமல் கிளம்பவே கூடாது. ஆனால் புதுப்பனி நாளில் பூட்ஸ் அடியில் பனி இறுகி ஒட்டிக்கொண்டு மாட்ட விடாது, அதைச் சுரண்டுவதற்குள் உங்கள் நண்பர்கள் மறுபடியும் காத்திருப்பார்கள்.

சாய்ந்தமுதுகு:
இருக்கிற பூட்ஸே போதும் என்றால் ரியர் என்ட்ரிதான். ஹைபேக்கை, அதாவது பைண்டிங்கின் பின்பக்கத் தகட்டைச் சாய்த்து, காலை நுழைத்து, லீவரை மூடினால் முடிந்தது. ஆனால் முதல் தடவை ஸ்ட்ராப் அளவு வைக்கிறது பெரிய தலைவலி. இறுக்கினால் கால் நுழையாது, தளர்த்தினால் ஆடும், எனக்கு ஒரு மத்தியானமே போனது. ஆழமான பனியில் விழுந்தால் ஹைபேக் சாய இடம் கிடைக்காது, அதுவும் செங்குத்தான இடமென்றால் கேட்கவே வேண்டாம். நைடெக்கர் கம்பெனியின் சூப்பர்மேட்டிக் பைண்டிங்கும் சாதாரண பூட்ஸை ஏற்கும், முடிந்தால் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.

குளிர்விரல்:
நேற்று பூட்ஸைப் போட்டு, முட்டியை மடித்து நுனிக்காலில் நின்றேன். குதிகால் ஒரு விரலளவு எழும்புகிறது! சரி, முதலில் பூட்ஸ்தான் மாற்ற வேண்டும். எப்படியும் புதிதாக வாங்குவதால் ஸ்டெப் ஆன் பூட்ஸையும் போட்டுப் பார்க்கிறேன், கால் ஒத்துக்கொள்ளாவிட்டால் ரியர் என்ட்ரி. அதுவரை பனியில் உட்கார்ந்தபடிதான்.